குட்டையைக் காப்பாற்றினார்கள்

அந்த வீட்டை நாங்கள் வாங்கியதற்குக் காரணம் அதன் சமையலறை ஜன்னல்தான். திருவொற்றியூரில் ரயில்வே லைனுக்கு மேற்கே, கால்வாய்க்கு இந்தப் பக்கம், புதிதாகக் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பு அது. இரண்டாம் மாடி. வீடு காட்ட வந்த புரோக்கர் கூடத்தையும் படுக்கையறைகளையும் கடமைக்குக் காட்டிவிட்டுக் கடைசியாகச் சமையலறைக்கு வந்து ஜன்னலைத் திறந்தார். "லேக் வியூ, மேடம்," என்றார்.

ஏரியெல்லாம் இல்லை, குட்டைதான். ஒரு பள்ளிக்கூட மைதானம் அளவு இருக்கும். எங்கள் பக்கத்துக் கரை முழுக்க ஆள் உயரக் கோரை. அதற்குள்ளே நீர்க்கோழிகள் கத்திக்கொண்டிருந்தன, ஓரத்தில் கொக்குகள் நின்றன. எதிர்க்கரையில் சில எருமைகள் கழுத்துவரை தண்ணீரில் அமிழ்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தன. நான் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில் ஒரு சந்து வீட்டில். அங்கே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுப் புகைபோக்கி தெரியும், சாத்தினால் கருவாட்டு வாசனை வரும். எனக்கு அந்தத் தண்ணீரைப் பார்த்ததே போதுமாக இருந்தது.

நானும் என் கணவரும் நெடுஞ்சாலையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறோம். பைப், குழாய், பெயின்ட், சிமெண்ட், கம்மோடு. எங்கள் இருவர் குடும்பமும் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தது. கடைக்கு வருகிறவர்களுக்கு அவர் அண்ணாச்சி, நான் அக்கா. கம்மோடு விற்கிறவளுக்கு என்ன அருவருப்பு வேண்டிக்கிடக்கிறது என்று யாராவது கேட்கலாம். கழிவு எனக்கு அருவருப்பு இல்லை. அது எல்லோர் உடம்பிலிருந்தும் வருவது. அதை என்ன செய்கிறார்கள், செய்துவிட்டு எப்படி முகத்தை வைத்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் எனக்குக் குமட்டல்.

குடிவந்த சில நாட்களிலேயே அது ஆரம்பித்துவிட்டது. காலையில் ஜன்னலோரம் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். மேலேயிருந்து ஒரு கறுப்பு கவர் என் ஜன்னலைக் கடந்து விழும். கோரையில் விழுந்து உடையும். குழந்தையின் டயப்பர், முட்டை ஓடு, மீதமான சாம்பார் சாதம். ஆயுத பூஜை முடிந்தால் பூசணிக்காய்கள் மிதக்கும். ஒரு நாள் ஒரு சாமி படம், கண்ணாடிச் சட்டத்தோடு, மல்லாந்து கிடந்தது. வாசலில் குப்பை வண்டி தினமும் வருகிறது. அதற்கு மாடி இறங்கிப் போக வேண்டும், அவ்வளவுதான். கவரை எறிந்த கையோடு அதே ஆட்கள் மொட்டை மாடிக்குப் போய், குட்டையைப் பார்த்து நின்று, ஆழமாக மூச்சை இழுத்து விடுவார்கள்.

எதிர்க்கரை எருமைகளுக்குச் சொந்தக்காரி ஒரு அம்மா. ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லியான தேகம், புடவைக்கு மேல் எப்போதும் ஒரு ஆண்பிள்ளைச் சட்டை. கரையில் ஓலைக் கொட்டகை போட்டு மாடுகளைக் கட்டியிருந்தார். காலையில் நான் கரையைச் சுற்றிப் போய் அவரிடம் பால் வாங்குவேன். முதல் நாளே என்னிடம் கேட்டார்.

"அந்த புது பில்டிங்கா? எந்த மாடி?"

"ரெண்டாவது."

"நீ எதுனா தூக்கிப் போட்றியா தண்ணில?"

"இல்லம்மா."

"போடாத. என் மாடு அதுல குந்திகினு கீது. போன வாரம் ஒண்ணு கவரத் துன்னுட்டு மூணு நாளு வவுறு உப்பிக்கினு கெடந்துச்சு."

சொல்லிவிட்டு அளவுக்கு மேல் கொஞ்சம் பால் ஊற்றினார்.

குடியிருப்போர் சங்கத்தின் தலைவர் துறைமுகத்தில் பெரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளை ஷூ, வெள்ளைத் தொப்பி, நல்ல குரல். எதைப் பேசினாலும் 'நம்ம' என்று ஆரம்பிப்பார். நம்ம காம்பவுண்டு, நம்ம லிஃப்ட், நம்ம குட்டை. அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் குட்டையைக் காப்பாற்றப் போவதாக அறிவித்தார். பெரிய கம்பெனி ஒன்று சமூகப் பணிக்காக ஒதுக்கும் நிதியிலிருந்து செலவை ஏற்றுக்கொள்வதாகவும், நீர்நிலையை மீட்டெடுத்த முதல் குடியிருப்பாக இந்த வட்டாரத்தில் நாம் இருப்போம் என்றும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கவர் விழுவது நின்றால் போதுமென்று நினைத்தேன்.

அடுத்த மாதம் ஜேசிபி வந்தது. முதலில் கோரையைப் பிடுங்கியது. வேரோடு வாரி எடுத்துக் கரையில் குவித்தபோது அதிலிருந்து தவளைகளும் நண்டுகளும் சிதறி ஓடின. நீர்க்கோழிகள் இரண்டு நாள் அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றிக் கத்திவிட்டுக் காணாமல் போயின. பிறகு கரையைச் செங்குத்தாக வெட்டினார்கள். கருங்கல் அடுக்கினார்கள், மேலே கான்கிரீட் போட்டார்கள். தண்ணீருக்கு மேல் சற்று நீட்டினாற்போல நடைபாதை அமைத்து, பளபளப்பான சிவப்புக் கல் பதித்தார்கள். ஸ்டீல் கைப்பிடி வந்தது. நடுவில் நீரூற்று வந்தது. கடைசியாக ஒரு மினி லாரியில் சிமெண்ட் கொக்குகள் வந்தன. உடம்புக்கு வெள்ளை, காலுக்கு ரோஜாப்பூ நிறம். அவற்றைக் கைப்பிடியோரம் வரிசையாக மேடை கட்டி நிறுத்தினார்கள்.

"நெசக் கொக்கு எங்கம்மா?" என்று எருமைக்கார அம்மா என்னிடம் கேட்டார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை, கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார்.

"போயிடுச்சும்மா. உக்கார எடம் இல்ல."

"எனுக்குந்தான் எடம் இல்ல. சுத்தி கேட்டு போடப் போறாங்களாம். மாட்ட எறக்கக் கூடாதாம். தண்ணி கலீஜ் ஆவுதாம். எனுக்கு முன்னாடி எங்க நைனா இங்கதான் மாடு வெச்சிகினு இருந்தாரு. அப்போ உங்க பில்டிங்கே கெடையாது."

தலைவரிடம் கேட்டுப் பார்த்தேன். எதிர்க்கரையில் ஒரு ஓரத்தையாவது சரிவாக விட்டால் மாடுகள் இறங்கிக்கொள்ளும் என்றேன். அவர் பொறுமையாகச் சிரித்தார். "மேடம், நாம ஒரு நீர்நிலையைப் புனிதமா வெச்சுக்கணும்னு பாக்கறோம். அதுல எருமை குளிக்கலாமா?" என்றார். அந்தக் 'குளிக்கலாமா'வை அவர் சொன்ன விதத்தில், எருமைக்குத்தான் ஏதோ ஒழுக்கக்கேடு இருப்பது போலிருந்தது. ஆனாலும் கேட் போடுவதற்குள் கம்பெனியின் காசு தீர்ந்துவிட்டது. அந்த ஓரம் மட்டும் பழைய மண் கரையாகவே தப்பியது.

திறப்பு விழாவுக்கு ஒரு பிரமுகர் வந்தார். பச்சை ரிப்பன் வெட்டினார்கள். பிளாஸ்டிக் பையில் கெண்டை மீன் குஞ்சுகளைக் கொடுத்து அவரைத் தண்ணீரில் விடச் சொன்னார்கள். அவர் பையைக் கவிழ்த்தபோது சில சொட்டு கையில் பட்டுவிட்டது. உடனே உதவியாளர் பாட்டில் தண்ணீரை ஊற்ற, கையைக் கழுவி, அந்தப் பாட்டிலையும் மீன் பையையும் கீழே வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். இயற்கை நம் தாய் என்றார். காற்றடித்துப் பை உருண்டுபோய்த் தண்ணீரில் விழுந்தது. ஒருவரும் எடுக்கவில்லை. மேடையிலிருந்த அத்தனை பேரும் அது விழுந்ததைப் பார்த்தார்கள். நான் போய் எட்டிப் பார்த்தேன், கரை செங்குத்தாக இருந்ததால் கை எட்டவில்லை.

வெயில் காலம் வந்ததும் தண்ணீர் நிறம் மாறியது. முதலில் கீரை வேகவைத்த தண்ணீர் போல, பிறகு கடுகெண்ணெய் போல, கடைசியில் தார் போல. வாசனையும் கூடவே வந்தது. மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து காற்று வீசினால் இங்கே ஏற்கனவே ஒரு நாற்றம் வரும், அதற்கு நாங்கள் பழகியவர்கள். இது வேறு. இது வீட்டு நாற்றம். சமையலறையில் தாளித்துக்கொண்டிருக்கும்போதே கடுகு வாசனையை மீறி வந்து தொண்டையில் உட்காரும். ஜன்னலைச் சாத்த ஆரம்பித்தேன்.

நீரூற்றை மட்டும் அவர்கள் நிறுத்தவில்லை. காலையிலும் மாலையிலும் அந்தக் கறுப்புத் தண்ணீர் மேலே பீறிட்டு, சாரலாக நடைபாதையில் இறங்கும். அந்தச் சாரலில் மக்கள் நடந்தார்கள். வேர்த்த முகத்தில் அது படும்போது சிலர் கண்ணை மூடிக்கொண்டார்கள். ஒரு பெண்மணி உதட்டில் பட்டதை நாக்கால் தொட்டுவிட்டு முகம் சுளித்து, மறுபடி நடந்ததை நான் மேலேயிருந்து பார்த்தேன். அன்று எனக்குக் காலைச் சாப்பாடு இறங்கவில்லை.

பிறகு மீன்கள் செத்தன. பிரமுகர் விட்ட குஞ்சுகள் உள்ளங்கை அளவுக்கு வளர்ந்திருந்தன. ஒரு காலை எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மதியத்துக்குள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. கரையோரத்துக் கல்லில் ஒதுங்கி, வெயிலில் உப்பி வெடித்தன. பூனைகள் வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போயின. பூனை வேண்டாமென்று விட்ட மீனை நான் அப்போதுதான் பார்த்தேன். வாட்ச்மேன் நீளக் கழியில் வலை கட்டி இரண்டு நாள் அள்ளினார். அள்ளியதைக் காம்பவுண்டுக்கு வெளியே, பக்கத்துக் காலி மனையில் கொட்டச் சொன்னார்கள். அந்த மனைக்குப் பின்னால் ஆட்கள் குடியிருந்தார்கள்.

அவசரக் கூட்டம் போட்டார்கள். குற்றவாளி யாரென்று பேச வேண்டிய அவசியமே அவர்களுக்கு இருக்கவில்லை. சாணம், மூத்திரம், எருமை. அந்த அம்மாவின் கொட்டகையை அப்புறப்படுத்தச் சொல்லி மாநகராட்சிக்கு மனு கொடுப்பதென்று முடிவானது. வீடு வீடாகக் கையெழுத்து வாங்க வந்தார்கள். நான் பிறகு போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

"போட்டுற வேண்டியதுதான," என்றார் என் கணவர். "நம்ம கடைக்கு வாரவங்கள்ல பாதிப் பேரு இந்தக் காம்பவுண்டு ஆளுவதான். எருமைக்காக அவங்களப் பகைக்கணுமாக்கும்?"

"எருமை எத்தன காலமா அதுல கெடக்கு? அப்பல்லாம் மீனு சாவலையே."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி எதிர்க்கரையைப் பார்த்தார். யோசிக்கிறார் என்று தெரிந்தது.

மறுநாள் பால் வாங்கப் போனபோது மனுவைப் பற்றி அந்த அம்மாவுக்கு முன்னமே தெரிந்திருந்தது. சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக் கொட்டகைக்கு முன்னால் மண் கரையில் நிறுத்தினார்.

"இங்க நாத்தம் அடிக்குதா?"

சாணி வாசனைதான் வந்தது.

"இல்ல."

"உன் பக்கம் எதுக்கு அடிக்குது? அத்தப் பாரு. ரோட்டுக்கு அடியில. மூணாவது கொக்குக்குக் கீழ."

பார்த்தேன். நடைபாதை தண்ணீருக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்ததால் அதற்கு அடியில் என்ன இருக்கிறதென்று எங்கள் பக்கத்திலிருந்து தெரியாது. இங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது. வெயிலில் தண்ணீர் இறங்கியிருந்ததால் சிமெண்ட் கொக்கின் மேடைக்கு நேர் கீழே ஒரு பைப்பின் வாய் வெளியே வந்திருந்தது. ஆறு அங்குல பிவிசி. அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஏதோ ஒழுகிக்கொண்டிருந்தது. ஒழுகுகிற இடத்தில் தண்ணீர் கொப்பளித்தது.

"எப்பலேர்ந்து வருது?"

"உங்க பில்டிங்கு வந்ததுலேர்ந்து வருது. மொதல்ல கோரைக்குள்ள வந்துச்சு. கோரை குடிச்சிகினு இருந்துச்சு. இப்ப குடிக்க ஆளு இல்ல."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"யார்கைல சொல்றது? உங்க வூட்டு பீயின்னு உங்க தலைவருகைல நான் போய்ச் சொல்லணுமா?"

எங்கள் கட்டடத்தின் கழிவு தெருவிலுள்ள பாதாளச் சாக்கடைக்குப் போகிறது என்றுதான் வீட்டை விற்கும்போது சொன்னார்கள். வீட்டுக்குத் திரும்பியதும் கட்டடத்தைச் சுற்றி நடந்து பார்த்தேன். தெரு முன்பக்கம் இருக்கிறது. ஆனால் கழிவுநீர் லைனின் கடைசித் தொட்டி, நாங்கள் சேம்பர் என்போம், பின்பக்கம், குட்டையைப் பார்த்த மதிலோரம் இருந்தது. பைப் விற்கிற எனக்கு அதைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. தெருவுக்குப் போக வேண்டிய தண்ணீருக்கு இங்கே என்ன வேலை.

என் கணவரிடம் சொன்னேன். இந்த முறை அவர் மறுக்கவில்லை. மதிய நேரம் கடையைச் சாத்திவிட்டு வந்தார். கடப்பாரையால் சேம்பர் மூடியை நெம்பினார். மூடி நகர்ந்ததும் உள்ளேயிருந்து கரப்பான்பூச்சிகள் கூட்டமாக வெளியே வழிந்து மதிலில் ஏறின. துணிக்குப் போடும் சொட்டு நீலம் வீட்டிலும் கடையிலும் இருந்ததையெல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் கலந்து வைத்திருந்தோம். நான் நடைபாதைக்குப் போய், மூன்றாவது கொக்குப் பக்கத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். தரையில் முழங்காலிட்டு, தலையை நன்றாக வெளியே நீட்டினால்தான் பைப் தெரிந்தது. போனில் அவர் குரல் கேட்டது. "ஊத்திட்டேன்."

கொஞ்ச நேரம் சாம்பல் தண்ணீர்தான் வந்தது. நாற்றத்தில் கண் எரிந்தது. எழுந்துவிடலாம் என்று நினைத்தபோது ஒழுகல் கருநீலமாக மாறியது. பிறகு அடர்ந்து, பள்ளிக்கூட மைக்கூட்டைக் கவிழ்த்ததுபோல் குபுகுபுவென்று வந்து கறுப்புத் தண்ணீரில் விரிந்தது.

"என்ன மேடம், ஏதாவது விழுந்துடுச்சா?"

தலைவர் நின்றுகொண்டிருந்தார். குடை பிடித்திருந்தார். நான் எழுந்து நகர்ந்து இடம் விட்டேன். அவர் குனிந்து பார்க்கவில்லை. கைப்பிடிக்கு அப்பால் பரவி வந்த நீலத்தை மட்டும் பார்த்தார். அவர் முகத்தில் ஆச்சரியத்தைத் தேடினேன். சலிப்புதான் இருந்தது.

"பின்னாடி சேம்பர்ல ஊத்துனீங்களா?"

"ஆமா சார். இது நம்ம பில்டிங் தண்ணி."

"தெரியும் மேடம்," என்றார். "பில்டர் தெரு லைனுக்குக் கனெக்ஷன் வாங்கவே இல்ல. கமிட்டில எல்லாருக்கும் தெரியும். ரோடு வெட்டப் பர்மிஷன் வாங்கறது பெரிய தலைவலி. முன்னாடி கோரை இருந்துச்சு, பிரச்சினை வெளிய தெரியல."

"தெரிஞ்சுக்கிட்டேதான் எருமை மேல மனு போட்டீங்களா?"

"எருமையும் அசுத்தம்தானே மேடம்."

எவ்வளவு நிதானமாகச் சொன்னார். அந்த நேரத்தில் பைப்பின் நாற்றத்தை என்னால் தாங்க முடிந்தது, அவர் சட்டையிலிருந்து வந்த சென்ட் வாசனையைத் தாங்க முடியவில்லை. இரண்டடி பின்னால் நகர்ந்தேன். வீட்டுக்குப் போய்க் கை கால் முகமெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவினேன். கழுவிய தண்ணீர் குழாயில் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. எங்கே இறங்குகிறது என்று இப்போது தெரியும். அன்றிலிருந்து கழிப்பறையில் ஒவ்வொரு முறை ஃப்ளஷ் இழுக்கும்போதும் அந்தச் சத்தம் முடியும்வரை நின்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வேண்டாமென்று நினைத்தாலும் கால் நகராது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை. ஒருவர் மட்டும் கேட்டார், யார் அனுமதியோடு பொது லைனில் நிறம் ஊற்றினீர்கள் என்று. இன்னொருவர், இதை வெளியே சொன்னால் வீடு வாங்க ஆள் வராது என்றார். பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், "காலைல வாக்கிங் போறப்ப மூஞ்சில அடிச்சது அதுதானா?" என்று கேட்டது.  சிலர் கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்கள், என்றைக்கோ பட்டதை அன்றைக்குத் துடைப்பதுபோல.

தலைவர் ஒரு தீர்வு வைத்திருந்தார். பைப்பைக் குட்டையிலிருந்து திருப்பி, பக்கத்துத் தெரு மழைநீர் வடிகாலில் சேர்த்துவிடலாம். அது கால்வாய்க்குப் போகும், கால்வாய் எண்ணூர்ப் பக்கம் போய்க் கடலில் சேர்ந்துவிடும்.

"கால்வாய்ல விடலாமா சார்?" என்றேன்.

"அது ஏற்கனவே கறுப்புதான மேடம். நம்மளால புதுசா என்ன ஆகப்போகுது?"

கை தூக்கினார்கள். நானும் என் கணவரும் தூக்கவில்லை. அவர் அன்று என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய தெம்பு. அந்த மாதம் காம்பவுண்டு ஆட்கள் பலர் ஒரு திருகாணிக்குக்கூட வேறு கடைக்குப் போனார்கள். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மாநகராட்சியின் புகார் செயலியில் படத்தோடு புகார் கொடுத்தேன். ஒருவர் வந்தார். நடைபாதையில் நின்று ஒரு புகைப்படம் எடுத்தார், போய்விட்டார். அன்று மாலையே புகார் தீர்க்கப்பட்டதாகச் செய்தி வந்தது. சான்றுக்கு அந்தப் படத்தையே இணைத்திருந்தார்கள். அதில் ஒரு சிமெண்ட் கொக்கு அழகாக நின்றது.

பைப்பைத் திருப்பினார்கள். எருமைக் கொட்டகையையும் அகற்றினார்கள். இரண்டும் ஒரே வாரத்தில். மனு ஏற்கனவே போய்விட்டது, திரும்பப் பெற முடியாது என்றார்கள். லாரியில் மாடுகளை ஏற்றும்போது நான் கீழே இறங்கிப் போனேன். அந்த அம்மா ஒரு எருமையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் ஏற்றிக்கொண்டிருந்தார். அது ஏற மறுத்துக் கத்தியது.

"நான் சொன்னேம்மா. கேக்கல," என்றேன்.

"நீ இன்னா பண்ணுவ," என்றார். "மாதவரத்துல எங்க அக்கா புள்ள எடம் குடுக்கறான். தள்ளி நில்லு, முட்டிடும்."

குட்டை கொஞ்சம் தெளிந்தது. சங்கத்துக்கு ஏதோ ஒரு விழாவில் கேடயம் கொடுத்தார்கள். அதை லிஃப்ட் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போதெல்லாம் அதைப் பார்க்க நேர்ந்ததால் படி ஏற ஆரம்பித்தேன்.

ஐப்பசி மழையில் வடிகால் நிரம்பியது. கால்வாய் நிரம்பி நின்றதால் வடிகாலில் தண்ணீர் போக வழியில்லை. திரும்பி வந்தது. வந்த வழியே, எங்கள் பைப்பிலேயே ஏறி, தரைத்தளத்து வீடுகளின் குளியலறைச் சல்லடைகள் வழியாகப் பொங்கியது. அங்கே ஒரு வீட்டில் நர்ஸாக வேலை பார்க்கும் பெண் தன் அம்மாவோடு வாடகைக்கு இருந்தாள். காலையில் என் கதவைத் தட்டினாள். முழங்கால்வரை நைட்டி நனைந்திருந்தது. என்ன நனைத்தது என்று சொல்லத் தேவையில்லை.

"அக்கா, மீட்டிங்ல நீங்க சொன்னீங்களே, அதுதான் எங்க ஹால்ல நிக்குது. அம்மாவைக் கட்டில் மேல உக்கார வெச்சிருக்கேன். யார்கிட்ட போகணும்?"

நானும் அவளும் ஒவ்வொரு மாடியாக ஏறினோம். எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். மழை நின்றதும் கூட்டம் போட்டுப் பேசலாம் என்றார் தலைவர்.

"மழை நின்னுடுச்சு சார். கூட்டத்தை எங்க வீட்ல வெச்சுக்கலாம்," என்றாள் அவள்.

அவர் மொட்டை மாடி வசதியாக இருக்கும் என்றார். அவள் விடவில்லை. குரலை உயர்த்தாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். மற்ற தரைத்தளத்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் கமிட்டி ஆட்கள் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு அவள் கூடத்துக்கு வந்தார்கள். தண்ணீரை அவள் வேண்டுமென்றே முழுக்கத் தள்ளாமல் வைத்திருந்தாள் என்று நினைக்கிறேன். சுவரில் கணுக்காலுக்கு மேல் ஒரு பழுப்புக் கோடு. தரையில் வழுக்கியது. கட்டிலில் அவள் அம்மா கால்களை மடக்கி உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். தலைவர் கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டு நின்றார். அவரால் பேச முடியவில்லை. பேசினால் வாயைத் திறக்க வேண்டும்.

எத்தனையோ கூட்டங்களில் முடியாதது அங்கே கொஞ்ச நேரத்தில் முடிந்தது. முறையான கனெக்ஷனுக்கு உடனே விண்ணப்பிப்பது, வரும்வரை கழிவுநீர் லாரி வைத்து எடுப்பது, குட்டைக்கும் வடிகாலுக்கும் போகும் வாயை அடைப்பது. எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டினார்கள். நியாயம் அவர்களுக்கு எட்டவில்லை, மூக்குக்கு எட்டியது. ஆனாலும் நடந்தது. பொங்கலுக்குப் பிறகு தெருவை வெட்டினார்கள், பைப் இறக்கினார்கள், இணைத்தார்கள். பைப்பும் சிமெண்டும் எங்கள் கடையிலிருந்துதான் வாங்கினார்கள். என் கணவர் எல்லோருக்கும் போடும் விலையையே போட்டார்.

இதைச் சொல்வதற்காக ஒரு நாள் மாதவரம் போனேன். எருமைக்கார அம்மா பால் பண்ணைப் பக்கம் ஒரு தகர ஷெட்டில் இருந்தார். மாடுகளில் பாதிதான் இருந்தன. இறங்கிப் படுக்கத் தண்ணீர் இல்லை, டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். எருமைகளின் தோல் வெடித்துச் சொரசொரப்பாக இருந்தது.

"அந்தப் பைப்ப அடைச்சுட்டாங்கம்மா," என்றேன்.

"அப்டியா," என்றார். ஊற்றுவதை நிறுத்தவில்லை.

"நீங்க சொன்னதுதான் சரின்னு இப்ப எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சி? என்னிய வரச் சொன்னாங்களா?"

 யாரும் சொல்லவில்லை. இனியும் சொல்லப் போவதில்லை. அவர் வாளியை வைத்துவிட்டு எனக்கு ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு, "வெயிலு ஏறுது, கெளம்பு," என்றார்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம். மணலி தாண்டிக் கால்வாய்ப் பாலம் நெருங்கியதும், யாரும் சொல்லாமலே எல்லோரும் கைக்குட்டையையும் முந்தானையையும் எடுத்து மூக்கைப் பொத்தினார்கள். கண்டக்டர் டிக்கெட் கட்டையே முகத்தில் வைத்துக்கொண்டார். என் பக்கத்திலிருந்த பெண் ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தப் பார்த்தாள், அது பாதியில் சிக்கிக்கொண்டது. "எவன் எவன் வூட்டுதோ, கருமம்," என்றாள் என்னைப் பார்த்து. பாலம் முடிந்ததும் எல்லோரும் துணியை எடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். நானும் முந்தானையை இறக்கினேன். ஆனால் அடுத்த நிறுத்தம் வரும்வரை மூச்சை முழுதாக இழுக்க எனக்கு மனம் வரவில்லை.